மாவு பூசாமல் பனீர் வறுக்கலாம்: வாசகர் கேள்விக்கு டயட்டீஷியன் பதில்

கேள்வி: எனக்கு வயது 44. சர்க்கரை நோய்க்காக மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சேர்ந்த மாத்திரையைக் காலையும் இரவும் எடுத்துக்கொள்கிறேன். இரண்டு மாதமாகச் சோறு, இட்லி, தோசையை விட்டுவிட்டு நாளுக்கு 50 கிராம் மாவுச்சத்துக்குள் சாப்பிடுகிறேன். முட்டை உண்டு. முதல் மாதம் 4 கிலோ இறங்கியது. இந்த மாதம் எடை அப்படியே நிற்கிறது. மாலை 5 மணி ஆனால் பஜ்ஜி, வடை நினைப்பு வந்துவிடுகிறது. அதற்குப் பதிலாகப் பனீரை வறுத்தால் தோசைக்கல்லில் ஒட்டிப் பிய்ந்துபோகிறது. பிய்யாமல் வந்தால் ரப்பர் மாதிரி இருக்கிறது. சீஸ் ஸ்லைஸை வறுத்துப் பார்த்தேன், உருகி ஓடிவிட்டது. ஹோட்டலில் பனீர் 65 சாப்பிட்ட அன்று 2 மணி நேரம் கழித்து சர்க்கரை 146 காட்டியது. 4 மணி நேரம் கழித்துப் பார்த்தால் 215. பனீரில் மாவுச்சத்தே இல்லை என்கிறார்களே? வறுத்த பனீரைத் தினமும் சாப்பிடலாமா? எவ்வளவு?

பதில்: அன்புள்ள வாசகிக்கு,

பனீர் இருக்கட்டும், முதலில் உங்கள் மாத்திரையைப் பற்றிப் பேசிவிடுவோம். கிளிமிபிரைடு, நீங்கள் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும் மருந்து. சோறும் இட்லியும் சாப்பிட்டுக்கொண்டிருந்த காலத்துக்காக எழுதிய அளவு, 50 கிராம் மாவுச்சத்துக்கு அதிகமாகிவிடக்கூடும். திடீர் வியர்வை, கை நடுக்கம், படபடப்பு, கண் மங்கல் வந்தால் உடனே சர்க்கரையைப் பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்துவிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். அந்த நேரத்தில் பனீரோ நெய்யோ உதவாது. கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். உணவு முறையை மாற்றியதை உங்கள் மருத்துவரிடம் இந்த வாரமே சொல்லுங்கள். அளவைக் குறைப்பதா, மாத்திரையை மாற்றுவதா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்களாக நிறுத்த வேண்டாம். இதைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு வார்த்தை: டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் மாவுச்சத்தைக் கடுமையாகக் குறைக்கக் கூடாது. சர்க்கரை அளவு அவ்வளவாக ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடிவிடும் ஆபத்து அந்த மருந்துகளில் உண்டு.

இனி ஹோட்டல் பனீர் 65. உங்கள் சர்க்கரையை ஏற்றியது பனீர் அல்ல, அதன் மேல் பூசிய மாவு. பாலைத் திரித்து வடிகட்டும்போது பாலின் சர்க்கரையான லாக்டோஸ் பெரும்பாலும் வடிநீரோடு போய்விடும். பனீரில் தங்கும் ஈரத்தோடு கொஞ்சம் மிஞ்சும். அதனால் நல்ல பனீர் 100 கிராமில் ஏறத்தாழ 2 முதல் 5 கிராம் மாவுச்சத்து இருக்கும். 'இல்லவே இல்லை' என்பது சரியல்ல, ஆனால் குறைவு. இப்போது மேல்மாவைக் கணக்குப் போடுங்கள். 200 கிராம் பனீருக்கு மூன்று மேஜைக்கரண்டி சோள மாவு (கார்ன்ஃப்ளோர்), இரண்டு மேஜைக்கரண்டி மைதா என்று வைத்தால் அதிலேயே 33 கிராம் மாவுச்சத்து. தாளிக்கும்போது இரண்டு மேஜைக்கரண்டி தக்காளி சாஸ் விட்டால் இன்னும் 8 கிராம். பனீரில் உள்ளதையும் சேர்த்தால் ஒரு தட்டிலேயே உங்கள் ஒரு நாள் அளவு கிட்டத்தட்ட முடிந்துவிடுகிறது.

இரண்டு மணி நேரத்தில் 146 என்று பார்த்துவிட்டு நிம்மதி அடையாமல் மறுபடி பார்த்தீர்களே, அது மிக நல்ல காரியம். எண்ணெயில் பொரித்த மாவு வயிற்றிலிருந்து மெதுவாகத்தான் இறங்கும். கொழுப்பு அதிகமான உணவில் சர்க்கரையின் உச்சம் மூன்று, நான்கு மணி நேரத்துக்குத் தள்ளிப்போவது வழக்கம். புதிதாக ஒரு வறுவலைச் சாப்பிடும் நாளில் 2 மணி நேரத்திலும் 4 மணி நேரத்திலும் இரண்டு முறை பாருங்கள்.

சீஸ் ஸ்லைஸ் ஏன் ஓடியது, பனீர் ஏன் உருகவில்லை என்பது தெரிந்தால் எதை வறுக்கலாம் என்று நீங்களே சொல்லிவிடலாம். மொசரெல்லா, செடார் போன்றவை ரென்னெட் என்ற நொதியால் உறையவைத்தவை. அவற்றில் பால் புரத இழைகளைக் கால்சியம் பிணைத்து வைத்திருக்கும். சூடு ஏறினால் பிணைப்பு தளர்ந்து இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், சீஸ் ஓடும். கடையில் கிடைக்கும் ஸ்லைஸ் இன்னும் ஒரு படி மேல். சீராக உருக வேண்டும் என்பதற்காகவே சிட்ரேட், பாஸ்பேட் உப்புகள் சேர்த்துச் செய்வது அது. அதைக் கல்லில் போட்டு உருகாதே என்றால் எப்படிக் கேட்கும்? பனீர் வேறு வழியில் பிறக்கிறது. கொதிக்கும் பாலில் புளிப்பு விழும்போது கால்சியத்தில் ஒரு பகுதி கரைந்து வடிநீரில் போய்விடுகிறது. வடிநீரோடு போகக்கூடிய மோர்ப் புரதமும் சூட்டினால் கேசின் என்ற பாலின் முக்கியப் புரதத்தோடு ஒட்டிக்கொள்கிறது. அந்த வலை பிறகு எவ்வளவு சூடானாலும் ஓடாது. சுருங்கத்தான் செய்யும். சுருங்கும்போது உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளும். உங்களுக்கு வந்த 'ரப்பர்' இதுதான்: அதிக நேரம் வறுத்ததால் நீர் வற்றிய பனீர்.

சைப்ரஸ் நாட்டு ஹலூமி சீஸ் வறுப்பதற்கென்றே பேர் பெற்றது. அது ரென்னெட்டில் உறைந்தாலும், கட்டியை அதன் வடிநீரிலேயே கொதிநிலைக்கு அருகில் வேகவைத்துப் பிறகு உப்பில் போடுவதால் உருகாது. 2021 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் இருக்கும் தமிழர்களுக்கு அது சூப்பர் மார்க்கெட் பொருள். நம் ஊரில் விலை அதிகம். உப்பும் அதிகம்: 100 கிராமில் 2.5 முதல் 3 கிராம் வரை. ஒரு நாளைக்கு மொத்தமே 5 கிராமுக்குள் உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஹலூமியை எப்போதாவது வைத்துக்கொள்ளட்டும். உங்களுக்குப் பனீரே போதும்.

ஆனால் எந்தப் பனீர் என்பது முக்கியம். பாக்கெட்டைத் திருப்பிச் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள். பால், புளிப்புக்கு ஏதாவது ஒன்று. அவ்வளவுதான் இருக்க வேண்டும். தாவர எண்ணெய், ஸ்டார்ச், மால்டோடெக்ஸ்ட்ரின் (மாவுச்சத்துப் பொடி) என்று பார்த்தால் அது பனீர் அல்ல, பனீர் போலச் செய்தது. உதிரியாக வாங்கும் பனீரில் சந்தேகம் இருந்தால் ஒரு துண்டைத் தண்ணீரில் கொதிக்கவைத்து, நன்றாக ஆறியபின் மருந்துக் கடையில் கிடைக்கும் டிங்சர் அயோடின் இரண்டு சொட்டு விடுங்கள். நீலம் அல்லது கறுப்பு ஏறினால் அதில் மாவு இருக்கிறது. சூடாக இருக்கும்போது சோதித்தால் நிறம் சரியாகத் தெரியாது. 'லோ ஃபேட்' பனீரும் வறுவலுக்கு ஒத்துவராது. கொழுப்பு குறைந்த பனீர் கல்லில் பட்டதும் இறுகிவிடும்.

வீட்டில் செய்வதானால் ஆவின் ஆரஞ்சு பாக்கெட், அதாவது 6 சதவீதக் கொழுப்பு உள்ள பால், ஒரு லிட்டர். பச்சை பாக்கெட்டில் கொழுப்பு 4.5 சதவீதம், அதிலும் வரும், அளவு கொஞ்சம் குறையும். நீல பாக்கெட் 3 சதவீதம்தான், அதில் செய்தால் பனீர் வறட்டு வறட்டென்று இருக்கும். பால் பொங்கி வந்ததும் அடுப்பை அணைத்து இரண்டு நிமிடம் விடுங்கள். இரண்டு மேஜைக்கரண்டி எலுமிச்சைச் சாற்றில் அதே அளவு தண்ணீர் கலந்து, கொஞ்சம் கொஞ்சமாக விட்டு மெல்லக் கிளறுங்கள். வடிநீர் இளம்பச்சையாகத் தெளிந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேலும் புளிப்பு விட்டால் பனீர் உதிரும். துணியில் வடித்து, குளிர்ந்த தண்ணீரில் ஒருமுறை அலசி, 2 கிலோ எடையை மேலே வைத்து ஒரு மணி நேரம் அழுத்துங்கள். குழம்புக்கு அரை மணி நேரம் போதும், வறுவலுக்கு ஒரு மணி நேரம் வேண்டும். 200 கிராம் அளவுக்குக் கிடைக்கும். இரவு முழுக்க ஃபிரிட்ஜில் வைத்து மறுநாள் வறுத்தால் துண்டு உடையாது.

வறுவலில் பாதிச் சிக்கல் ஈரத்தால் வருகிறது. பனீரின் மேல் தண்ணீர் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. சிவப்பதற்கு அதைவிட நிறைய சூடு வேண்டும். ஈரம் வற்றக் காத்திருக்கும் அந்த நேரத்தில் பனீரின் புரதம் கல்லோடு பிடித்துக்கொள்கிறது. நாம் கரண்டியை விட்டுப் புரட்டுகிறோம், பிய்ந்து வருகிறது. அதனால் பாக்கெட்டிலிருந்து எடுத்ததும் 1.5 சென்டிமீட்டர் கனத்தில் பலகை பலகையாக வெட்டி, சுத்தமான துணியில் பரப்பி, மேலே இன்னொரு துணி போட்டு 15 நிமிடம் ஒற்றி எடுங்கள். சின்னச் சதுரமாக வெட்டினால் ஆறு பக்கமும் திருப்ப வேண்டும். அதற்குள் உள்ளே வறண்டுவிடும். பலகைக்கு இரண்டே பக்கம்.

பழகிய இரும்புத் தோசைக்கல் இதற்கு மிக நல்லது. நடுத்தரத் தீயில் 3 நிமிடம் காயவிடுங்கள். தண்ணீர் தெளித்தால் துளிகள் உருண்டு ஓட வேண்டும். துடைத்துவிட்டு, 100 கிராம் பனீருக்கு இரண்டு டீஸ்பூன் நெய் விட்டு, அது கல்லில் படர்ந்ததும் துண்டுகளை இடைவெளி விட்டு வையுங்கள். நெருக்கினால் நீராவி போக வழியின்றிப் பனீர் வெந்துவிடும். அதன்பின் இரண்டரை நிமிடம் தொடாதீர்கள். இங்கேதான் எல்லோரும் தவறுகிறார்கள். அடிப்பக்கம் பொன்னிறத் தோல் கட்டியதும் பனீர் தானாகவே கல்லை விட்டுவிடும். தோசைக்கரண்டி எளிதாக அடியில் போகவில்லை என்றால் இன்னும் அரை நிமிடம் பொறுங்கள். மறுபக்கம் இரண்டு நிமிடம். மொத்தம் ஐந்து நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். ஏழெட்டு நிமிடம் போனால் ரப்பர்தான். உப்பும் மிளகாய்த்தூளும் கடைசி 20 விநாடியில் தீயைக் குறைத்துவிட்டுத் தூவுங்கள். முதலிலேயே உப்புப் போட்டால் நீர் விடும், மிளகாய்த்தூள் கருகிக் கசக்கும்.

நெய் பிடிக்காவிட்டால் கடலெண்ணெய், நல்லெண்ணெய் இரண்டும் சரி. செக்கில் ஆட்டியதானால் புகைய விடாமல் நடுத்தரத் தீயிலேயே வைத்துக்கொள்ளுங்கள். வெண்ணெயில் வறுக்காதீர்கள், அதில் இருக்கும் பால் துகள்கள் பனீர் சிவக்கும் முன்பே கருகிவிடும்.

மொறுமொறுவென்ற மேல்தோல்தான் நீங்கள் தேடுவது என்றால், மாவின் இடத்தில் எதை வைப்பது? கடலைமாவு போடலாமா என்று பலர் கேட்பதுண்டு. 25 கிராம் அளவில் ஒப்பிட்டால் சோள மாவில் 22 கிராம், மைதாவில் 19 கிராம், கடலைமாவில் நார்ச்சத்தைக் கழித்தபின் ஏறக்குறைய 12 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. கடலைமாவு அவற்றைவிடத் தேவலை, உங்கள் கணக்குக்கு இன்னும் அதிகம். பாதாமைத் தோலோடு பொடித்தால் அதே 25 கிராமில் நார்ச்சத்து போக 2 அல்லது 3 கிராம்தான். சர்க்கரை சேர்க்காத உலர்ந்த தேங்காய்த் துருவலிலும் அதே அளவுதான். ஆனால் அது சட்டென்று சிவக்கும், பக்கத்திலேயே நிற்க வேண்டும்.

65 சுவைக்கு இப்படிச் செய்யுங்கள். ஒற்றி எடுத்த பனீர் 200 கிராம். ஒரு முட்டையை அடித்து அதில் பாதியை மட்டும் எடுத்து, இஞ்சி பூண்டு விழுது ஒரு டீஸ்பூன், காஷ்மீர் மிளகாய்த்தூள் ஒரு டீஸ்பூன், மிளகுத்தூள் கால் டீஸ்பூன், எலுமிச்சைச் சாறு ஒரு டீஸ்பூன், உப்பு அரை டீஸ்பூன் கலந்து பனீரைப் பிரட்டுங்கள். 10 நிமிடத்துக்கு மேல் ஊறவிட்டால் உப்பு நீரை இழுத்துவிடும். பாதாம் தூள் 20 கிராமைத் தட்டில் பரப்பி ஒவ்வொரு துண்டையும் அழுத்திப் புரட்டி, 15 நிமிடம் ஃபிரிட்ஜில் வையுங்கள். அந்த நேரத்தில் தூள் முட்டையில் ஊறிப் பிடித்துக்கொள்ளும். உடனே எண்ணெயில் போட்டால் பாதி கழன்று அடியில் கருகும். அகலமான வாணலியில் அரை சென்டிமீட்டர் உயரத்துக்கு எண்ணெய் போதும். ஒரு பக்கம் ஒன்றரை நிமிடம். கடைசியில் அதே எண்ணெயில் கறிவேப்பிலையும் கீறிய பச்சை மிளகாயும் பொரித்து மேலே போடுங்கள், கடை வாசனை வந்துவிடும். பனீரில் உள்ளதையும் மசாலாவையும் சேர்த்து முழுத் தட்டுக்கும் 12 கிராம் மாவுச்சத்து. இருவர் பகிர்ந்தால் ஆளுக்கு 6. தொட்டுக்கொள்ள சாஸ் வேண்டாம், ஒரு மேஜைக்கரண்டியிலேயே 4 கிராம் போய்விடும். புதினாச் சட்னியைப் பொட்டுக்கடலை போடாமல் தேங்காயும் தயிரும் வைத்து அரையுங்கள்.

வாங்கி வைத்த சீஸ் ஸ்லைஸை வீணாக்க வேண்டாம். மைக்ரோவேவ் இருந்தால் ஒரு ஸ்லைஸை நான்காக வெட்டி, பேக்கிங் தாளில் இரண்டு விரல் இடைவெளி விட்டு வைத்து, ஒரு நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு 15 விநாடி 15 விநாடியாகக் கூட்டுங்கள். பொரிந்து ஓரம் சிவந்ததும் எடுத்து ஆறவிட்டால் அப்பளம் மாதிரி நொறுங்கும். ஈரம் போனால்தான் மொறுமொறுப்பு. சூட்டிலேயே எடுத்துக் கடித்தால் தோல் போல இழுபடும். இத்தாலியின் ஃப்ரியுலி பகுதியில் மொந்தாசியோ சீஸைத் துருவி வாணலியில் பரப்பி 'ஃப்ரிக்கோ' என்று முறுகலாக வார்ப்பார்கள். கட்டியாக வாங்கிய செடாரைத் துருவி, நான்ஸ்டிக் தட்டில் 15 கிராம் அளவு குவியலாக, எண்ணெயே விடாமல், சிறு தீயில் அப்படிச் செய்யலாம். குமிழ் அடங்கும்வரை காத்திருக்க வேண்டும். பாக்கெட்டில் வரும் துருவிய சீஸ் வேண்டாம். ஒட்டாமலிருக்கப் பல நிறுவனங்கள் அதில் ஸ்டார்ச் தூவுகின்றன.

இப்போது உங்கள் எடை. மாவுச்சத்து குறைவு என்பதால் பனீரை அளக்காமல் சாப்பிட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். முழுக் கொழுப்புப் பனீர் 100 கிராமில் சுமார் 18 முதல் 20 கிராம் புரதம், 20 முதல் 25 கிராம் கொழுப்பு. கலோரி 300-ஐ ஒட்டி வரும். இரண்டு டீஸ்பூன் நெய் சேர்ந்தால் 390. மாலையில் ஒரு 200 கிராம் பாக்கெட்டை எண்ணெயில் பொரித்துத் தனியாகவே முடித்தால் 750 கலோரி ஆகிவிடும். அது சிற்றுண்டி இல்லை, முழுச் சாப்பாட்டைவிட அதிகம். முதல் மாதம் இறங்கிய 4 கிலோவிலும் கணிசமான பகுதி நீர்தான், ஆகவே இரண்டாம் மாதம் வேகம் குறைந்ததற்கு மனம் தளராதீர்கள்.

தினமும் சாப்பிடலாமா என்றால், என் பதில் இது: வாரம் நான்கு நாள், ஒரு வேளைக்கு 75 முதல் 100 கிராம் வரை, சமைக்கும் முன் தராசில் நிறுத்து. வறுவல் சாப்பிடும் நாளில் இரவுச் சாப்பாட்டில் எண்ணெயைப் பாதியாக்கி, முட்டையோ மீனோ ஒன்றோடு நிறுத்திக்கொள்ளுங்கள். மீதி மூன்று நாள் மாலைக்கு அவித்த முட்டை, வறுத்த வேர்க்கடலை ஒரு சின்னக் கைப்பிடி என்று மாற்றுங்கள். பனீரில் நார்ச்சத்து துளியும் இல்லை. தட்டில் பாதிக்கு முட்டைக்கோஸ், வெள்ளரி, வெண்டைக்காய் என்று ஏதாவது ஒரு காய் இல்லாமல் சாப்பிட்டால் மலச்சிக்கல் வரக்கூடும்.

தினமும் வேண்டாம் என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பனீர், நெய் இரண்டின் கொழுப்பும் பெரும்பாலும் நிறைவுற்ற வகை. மாவுச்சத்தைக் குறைத்தபின் சிலருக்கு டிரைகிளிசரைடு என்ற ரத்தக் கொழுப்பு நன்றாக இறங்கும். அதே நேரம் சிலருக்கு எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் ஏறிவிடும். யாருக்கு ஏறும் என்பதைப் பரிசோதித்துத்தான் அறிய முடியும். உணவு மாற்றி மூன்றாவது மாதம் முடியும்போது வெறும் வயிற்றில் லிப்பிட் (ரத்தக் கொழுப்பு) பரிசோதனையும், அதோடு மூன்று மாதச் சராசரி சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி, சிறுநீரக நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பாருங்கள். எல்டிஎல் ஏறியிருந்தால் நெய்யை நிறுத்திக் கடலெண்ணெய்க்கு மாறி, பனீரை வாரம் இரண்டு நாளாக்கி, மருத்துவரையும் பாருங்கள். சிறுநீரகக் கோளாறு இருப்பதாகத் தெரிந்தால் புரத அளவையே மறுபடி கணக்கிட வேண்டும். இந்தப் பதிலில் உள்ள அளவுகள் அப்போது பொருந்தாது.

வெளியே சாப்பிட வேண்டி வந்தால் 65, மஞ்சூரியன், சில்லி பனீர் மூன்றையும் தவிர்த்துத் தந்தூரி அடுப்பில் சுட்ட பனீர் டிக்கா கேளுங்கள். அதன் மசாலாவில் தயிரோடு கொஞ்சம் கடலைமாவு சேர்க்கும் கடைகள் உண்டு. சோள மாவுக் கவசத்தோடு ஒப்பிட்டால் அது சிறு அளவு. சர்க்கரையை அன்றும் இரண்டு முறை பார்த்துக் குறித்து வைத்து, அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது அந்தக் குறிப்பை எடுத்துச் செல்லுங்கள்.